நூறு மாடும் ஒரே நாளில்

ராக்ஹாம்ப்டன்,
குயின்ஸ்லாந்து.
நவம்பர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதையும் எழுதுங்கள்.

இரண்டு கேள்வி கேட்டிருந்தீர்கள். "நூறு மாட்டையும் ஒரே நாளில் பருவத்துக்குக் கொண்டுவர முடியும் என்கிறாயே, அதெப்படிக் கண்ணு?" என்பது ஒன்று. பெரியப்பாவிடம் வந்து பேசிவிட்டுப் போன ஆளை நம்பி அவருடைய காங்கேயம் பசுவுக்குக் கருமாற்றம் (அதன் கருவை எடுத்து வேறு பசுக்களின் வயிற்றில் வைப்பது) செய்யலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் இரண்டாவதற்குப் பாதிப் பதில் அதிலேயே வந்துவிடும். போனில் ஆரம்பித்தால் நீங்கள் பாதியில் "சரி சாமி, அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கால்நடைக் கிளை நிலையத்தில் நீங்கள் வேலை பார்த்த காலமெல்லாம் நாள் குறித்தது மாடுதான். "ராத்திரி பூராக் கத்துச்சுங்க" என்று விடியும் முன்பே யாராவது கிடேரியை ஓட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். வாலைத் தூக்கிக் கோழை தெளிவாகத் தொங்குகிறதா, கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். காலையில் கத்தியிருந்தால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் கத்தியிருந்தால் மறுநாள் காலை. அந்தக் கணக்கில் இன்றும் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதற்கு மாட்டைப் பார்த்துக்கொண்டே ஒரு வீடு இருக்க வேண்டும். ராத்திரி கத்தினால் காதில் விழும் தூரத்தில் கட்டுத்தறி இருக்க வேண்டும்.

இங்கே அது கிடையாது. எமரால்டு பக்கம் நாங்கள் போகும் பண்ணையில் ஒரு மேய்ச்சல் பட்டி என்பதே பல நூறு ஹெக்டேர். பிரிகலோ மரங்களுக்கு நடுவில், பஃபல் புல்லில், மாடுகள் தம் பாட்டுக்குக் கிடக்கின்றன. மனிதர்களை மாதக்கணக்கில் பார்க்காத மாடும் அதில் உண்டு. எல்லாம் பிராமன் இனம், இல்லையென்றால் பிராமன் கலப்பு. நம் நாட்டு மாட்டைப் போலவே இவற்றுக்கும் பருவம் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும், பெரும்பாலும் இரவில். பகலில் மோட்டார் சைக்கிளில் சுற்றும் ரிங்கர் (மாடு மேய்க்கும்) பையன் கண்ணில் அதில் கால்வாசிகூடப் படாது.

நம் நாட்டு மாட்டைப் போல என்றேனே, அதை உறவுமுறையாகவே எடுத்துக்கொள்ளலாம். கிர், காங்க்ரெஜ், ஓங்கோல், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளை அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் கொண்டுபோய்க் கலந்து உருவாக்கியதுதான் பிராமன். 1933-இல் அங்கிருந்து ஒரு சின்ன மந்தை குயின்ஸ்லாந்துக்கு வந்து இறங்கியது. வெள்ளைக்காரர்களின் ஹெர்ஃபோர்டும் ஷார்ட்ஹார்னும் இங்கே உண்ணியாலும் வெயிலாலும் செத்துக்கொண்டிருந்த காலம் அது. தொங்கும் அலைதாடியும் திமிலும் கொண்ட இந்த மாட்டை முதலில் கேலி செய்தவர்களின் பேரன்கள் இன்று ராக்ஹாம்ப்டன் ஏலத்தில் பிராமன் பொலிகாளைக்கு லட்சக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். ஊர்ச் சாலைகளில் காளைச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். அவற்றின் விதைகளை அவ்வப்போது யாரோ கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள், நகராட்சி திரும்பவும் செய்து ஒட்டுகிறது. இது அம்மாவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம்.

இன்னொரு கிளை பிரேசிலில் இருக்கிறது. நெல்லூரின் பெயரைத் தாங்கி 'நெலோர்' என்று அழைக்கப்படும் நம் ஓங்கோல் மாடுதான் அங்கே இறைச்சி மந்தையின் முதுகெலும்பு. வியாதினா-19 என்றொரு நெலோர் பசு, எடை 1,101 கிலோ. 2023-இல் அதில் மூன்றில் ஒரு பங்கு உரிமையை மட்டும் ஏலம் விட்டார்கள். அந்த விலையை வைத்துப் பார்த்தால் முழுப் பசுவின் மதிப்பு 40 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டுகிறது, கின்னஸில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பசுவே சோதனைக்குழாயில் கருவாகி, பெயர் தெரியாத இன்னொரு பசுவின் வயிற்றில் வளர்ந்து பிறந்ததுதான். செய்தித்தாளில் படம் வருவது வியாதினாவுக்கு. எனக்கு அக்கறையெல்லாம் அந்தப் பெயர் தெரியாத பசுவின்மேல்தான், ஏனென்றால் என் சம்பளம் அதைப் போலக் கருவை வாங்கிச் சுமக்கும் பசுக்களைக் கையாள்வதற்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவை இறைச்சிக்கு வளர்க்கிற மாடுகள். நான் பிறக்கவைக்கும் கன்றுகளில் நல்லவை பொலிகாளையாகவும் இனவிருத்திப் பசுவாகவும் போகும். அவற்றின் வம்சம் போய்ச் சேருவது வெட்டுக்கூடத்துக்குத்தான். நீங்கள் இதைக் கேட்டதே இல்லை. அம்மா கேட்காமல் இருப்பது வேறு மாதிரி, எனக்குத் தெரியும். மாட்டுப் பொங்கலன்று இங்கே நான் யாருக்குக் குங்குமம் வைப்பது என்று ஒரு தடவை சிரித்துக்கொண்டே கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை, பேச்சை மாற்றிவிட்டேன். வேலையாக எடுத்துக்கொண்டால் எனக்கு இதில் உறுத்தல் இல்லை. மாட்டை அடிக்காமல், வெயிலில் நிறுத்தாமல், வலிக்காமல் பார்ப்பது என் கையில் இருக்கிறது, அதைச் செய்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கருவைத் தரும் கொடைப்பசுவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நான்கு நாள், காலையும் மாலையும், டோஸைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஊசி. வழக்கமாக ஒரு முட்டை விடும் சினைப்பை பல முட்டை விடும். உறைவிந்து செலுத்தி, ஏழாம் நாள் கருப்பையை அலசிக் கருக்களை எடுக்கிறோம். சராசரியாக ஒரு தடவைக்கு ஐந்தாறு நல்ல கரு என்பார்கள். இந்தச் சராசரியை நம்பி யாரும் கடன் வாங்கக் கூடாது. ஒன்றுமே தராத பசுவும் உண்டு, இருபது தருவதும் உண்டு. கரு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குகூட இருக்காது. நுண்ணோக்கியில் வைத்துத் தரம் பிரித்து அன்றைக்கே வைக்கலாம், இல்லையென்றால் உங்கள் உறைவிந்துக் குச்சி போன்ற குச்சியில் ஏற்றி நைட்ரஜன் கேனில் இறக்கலாம். உறைந்த கருவிலிருந்து முதல் கன்று 1973-இல் கேம்பிரிட்ஜில் பிறந்தது. அதைச் செய்தவர்களில் ஒருவரான இயன் வில்மட்தான் பிற்பாடு டாலி ஆட்டை உருவாக்கிய குழுவுக்குத் தலைவர்.

இதுவரை எல்லோரும் வியந்து கேட்பார்கள். சிக்கல் இதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. கருவுக்கு வயது ஏழு நாள். அதை வாங்கும் பசுவும் பருவத்துக்கு வந்து ஏழு நாள் ஆகியிருக்க வேண்டும். ஆறு, எட்டு என்றால் சமாளிக்கும். ஐந்து, ஒன்பது என்றால் பெரும்பாலும் வீண்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். முட்டை வெடித்த இடத்தில் வளரும் சி.எல். (கார்ப்பஸ் லூட்டியம்) சுரக்கிற புரோஜெஸ்டிரோன்தான் கருப்பையின் சுரப்பை நாளுக்கு நாள் மாற்றிக்கொண்டு போகிறது. ஏழாம் நாளில் கரு எதைக் குடித்து வளருமோ அது ஐந்தாம் நாளில் சுரந்திருக்காது. அதைவிட முக்கியமானது பின்னால் வருகிறது. வயிற்றில் ஒன்றுமில்லை என்று பட்டால் கருப்பையே 16, 17-ஆம் நாள் வாக்கில் புராஸ்டாகிளாண்டினை விட்டு சி.எல்.-ஐக் கரைத்துவிடும். அதற்கு முன்பே கரு நீளமாக வளர்ந்து, இன்டர்ஃபெரான் டாவ் என்ற புரதத்தைப் போதுமான அளவு சுரந்து, தான் இருப்பதைத் தெரிவித்தாக வேண்டும். இரண்டு நாள் பின்தங்கிய கரு உயிரோடுதான் இருக்கும். அது தெரிவிப்பதற்குள் சி.எல். கரைய ஆரம்பித்திருக்கும். மாடு மறுபடி பருவத்துக்கு வந்துவிடும்.

நீங்கள் உடனே, "புராஸ்டாகிளாண்டின் ஊசியே இருக்கிறதே, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் போட்டுவிட்டால் ஆச்சே" என்பீர்கள். உலகமே ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தது. முற்றிய சி.எல். இருக்கும் மாட்டுக்குப் போட்டால் கத்தும். பருவம் கழிந்து ஐந்தாறு நாளுக்குள் இருக்கும் மாட்டுக்குப் போட்டுப் பயனில்லை. அதனால் பதினொன்றிலிருந்து பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு ஊசி போட்டால், சுழற்சி ஓடிக்கொண்டிருக்கும் மாடுகள் கிட்டத்தட்ட எல்லாமே இரண்டாவது ஊசிக்குப் பணியும். ஆனால் ஒன்று இரண்டாம் நாளே கத்தும், இன்னொன்று ஐந்தாம் நாள்தான் கத்தும். கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது அவசரமென்று எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுப்பிவிடலாம். அதற்காக எல்லோரும் ஒரே அளவு சாப்பிட்டிருப்பார்கள் என்று ஆகுமா? ஒருவர் பாயசத்துக்கு வந்திருப்பார், ஒருவருக்கு அப்போதுதான் உப்பு வைத்திருப்பார்கள்.

சினைப்பையில் நடப்பது அதுதான். 21 நாள் சுழற்சியில் முட்டையைச் சுமக்கும் ஃபாலிக்கிள்கள் ஒரே ஒரு முறை வளர்வதில்லை. இரண்டு அல்லது மூன்று அலையாக எழுகின்றன. ஒவ்வோர் அலையிலும் ஒன்று மட்டும் பெரிதாகும், சி.எல். இருக்கும்வரை அதுவும் வெடிக்காமல் வாடிப்போகும், அடுத்த அலை எழும். ஊசி போடும் நாளில் பெரிய ஃபாலிக்கிள் தயாராக இருக்கும் மாடு இரண்டு நாளில் கத்துகிறது. அலை அப்போதுதான் எழும்பியிருந்தால் அது வளர்ந்து வர நான்கைந்து நாள் ஆகிறது. பழைய பாடப் புத்தகங்களில் இந்த அலை விவரம் இருக்காது. அல்ட்ராசவுண்ட் கருவியை மாட்டின் மலக்குடல் வழியாக வைத்துத் தினமும் பார்க்க ஆரம்பித்த 1980-களில்தான் இது தெளிவானது. நாள் பிசகாமல் நிறுத்த வேண்டுமென்றால் சி.எல்.-ஐக் கரைத்தால் மட்டும் போதாது, அலையையும் புதிதாகத் தொடங்கிவைக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது.

நாங்கள் செய்வதை நாள் கணக்கில் சொல்கிறேன். தொடங்கும் நாள் பூஜ்யம். அன்று ஒவ்வொரு மாட்டுக்கும் சிடர் வைக்கிறோம். நியூசிலாந்தில் உருவான சாதனம், நாமக்கல்லில் படிக்கும்போதே கையில் கொடுத்துக் காட்டினார்கள். 'டி' வடிவ நைலான், அதன்மேல் புரோஜெஸ்டிரோன் கலந்த சிலிகான், வெளியே தொங்க ஒரு கயிறு. உள்ளே இருக்கும்வரை சி.எல். இருப்பதாகவே மாட்டின் மூளை நினைக்கும், கத்தாது. கூடவே ஈஸ்ட்ரடையால் பென்சோயேட் 2 மில்லிகிராம். இருக்கிற ஃபாலிக்கிள்களை அது வாடவைத்துவிடும், ஏறக்குறைய நான்கு நாளில் எல்லா மாட்டிலும் புது அலை ஒன்றாக எழும். எட்டாம் நாள் சிடரை உருவிவிட்டு புராஸ்டாகிளாண்டினும் இ.சி.ஜி. ஹார்மோன் 400 யூனிட்டும். ஒன்பதாம் நாள் மறுபடி ஈஸ்ட்ரடையால், இந்தத் தடவை ஒரு மில்லிகிராம். வளர்ந்து நிற்கும் ஃபாலிக்கிளை வெடிக்கவைக்கிற எல்.எச். ஹார்மோன் அலையை அது தூண்டுகிறது. பத்தாம் நாளைப் பருவ நாள் என்று எழுதிவைத்துக்கொள்கிறோம். பதினேழாம் நாள் கரு வைப்பு. மாடு கத்தியதா, ஏறியதா என்று யாரும் பார்க்கத் தேவையில்லை.

இப்படி மாட்டைப் பார்க்காமலே நாள் குறிக்கும் முறையைத் திமில் மாடுகளுக்குப் பொருத்தி எடுத்ததில் தென் அமெரிக்கர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அர்ஜென்டினாவின் கேப்ரியல் போ, பிரேசிலின் பியத்ரோ பருசெல்லி இருவரின் கட்டுரைகளையும் அச்செடுத்து எங்கள் வண்டியிலேயே வைத்திருக்கிறோம். விஸ்கான்சினில் கறவை மாடுகளுக்காக 1995-இல் வெளியான 'ஓவ்சிங்க்' முறையில் ஈஸ்ட்ரடையாலுக்குப் பதில் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோன். ஐரோப்பிய ஒன்றியமும் நியூசிலாந்தும் உணவுக்கான மாடுகளில் ஈஸ்ட்ரடையாலைத் தடைசெய்துவிட்டதால் அங்கெல்லாம் அந்த வழிதான். ஆஸ்திரேலிய இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் எங்களுக்கு இன்னும் அனுமதி இருக்கிறது. எத்தனை நாளைக்கோ தெரியாது.

மருந்துகள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தால் தலை சுற்றும் அப்பா. கொடைப்பசுவுக்குப் போடும் எஃப்.எஸ்.எச். இறைச்சிக்கூடத்துப் பன்றிகளின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து எடுப்பது. வாங்கும் பசுவுக்குப் போடும் இ.சி.ஜி. சினைக் குதிரைகளின் ரத்தத்திலிருந்து. தென் அமெரிக்காவிலும் ஐஸ்லாந்திலும் அந்தக் குதிரைகளை நடத்தும் விதத்தைப் பற்றி வந்த படங்களைப் பார்த்தபின் இ.சி.ஜி. பாட்டிலை எடுக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடம்தான். மாற்று வர வேண்டும் என்று எங்கள் கூட்டங்களில் பேசுகிறவர்களில் நானும் ஒருத்தி. கன்று ஊட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த பசுவில் இதைப் போல வேலை செய்யும் வேறொன்று இப்போதைக்குக் கையில் இல்லை என்பதும் உண்மை.

புராஸ்டாகிளாண்டின் விஷயத்தில் பயப்படாதீர்கள், கையுறை இல்லாமல் நான் தொடுவதில்லை. தோல் வழியாகவே உடம்பில் ஏறும் மருந்து அது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் பக்கத்திலேயே வரக் கூடாது. பெரியப்பா வீட்டுக்கு வந்த ஆள் வெறும் கையால் ஊசி ஏற்றுகிறானா என்று பார்த்தாலே அவனைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

இந்த அட்டவணைக்கு மாட்டை நான்கு தடவை யார்டுக்குக் கொண்டுவர வேண்டும். பூஜ்யம், எட்டு, ஒன்பது, பதினேழு. பண்ணைக்காரர்கள் முகம் சுளிப்பது மருந்து விலைக்காக இல்லை, இந்த நான்கு தடவைக்காக. ஒவ்வொரு தடவையும் நாய்களும் மோட்டார் சைக்கிள்களும், தொலைவான பட்டி என்றால் ஹெலிகாப்டரும். நவம்பர் வெயிலில் காலை பத்து மணிக்கு மேல் மாட்டை நெருக்கக் கூடாது என்று நாங்கள் சண்டை போடுவோம். சூடேறிய மாட்டில் கரு நிற்காது. நம் ஆஸ்பத்திரி ட்ராவிஸில் நான்கு கட்டை, ஒரு கயிறு. இங்கே ஹைட்ராலிக்கில் பக்கங்கள் நெருங்கி வந்து அணைத்துப் பிடிக்கும். உங்களுக்கு இதைக் காட்ட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

பதினேழாம் நாள் காலையில் எனக்குக் கரு முக்கியமில்லை, சி.எல்.தான் முக்கியம். மாடு உள்ளே வந்ததும் ஸ்கேன் வைத்து இரண்டு சினைப்பையையும் பார்க்கிறேன். நல்ல சி.எல். இருந்தால் அது இடமா வலமா என்று குறித்துக்கொள்வோம். கருவை அந்தப் பக்கத்துக் கருப்பைக் கொம்பில்தான் வைக்க வேண்டும். சி.எல். இல்லாவிட்டால், இருந்தும் மிகச் சிறிதாக இருந்தால், கதவைத் திறந்து வெளியே விடச் சொல்லிவிடுவேன். நல்ல மந்தையில் நூறை ஒருங்கிணைத்தால் எண்பது தேறும். மீதி இருபதுக்குப் போட்ட மருந்தும் பட்ட பாடும் போனது போனதுதான். "வந்ததுதான் வந்தது, அதுக்கும் ஒன்று வைத்துவிடேன்" என்று கேட்காத பண்ணைக்காரர் இல்லை. நான் வைக்க மாட்டேன்.

தேறிய மாட்டுக்கு வால் எலும்பு இடுக்கில் லிக்னோகெய்ன் போட்டு மரக்கவைக்கிறோம். குச்சியைக் கேனிலிருந்து எடுத்துச் சில நொடி காற்றில் பிடித்து, பிறகு இளஞ்சூட்டு நீரில். நேராக நீரில் விட்டால் கருவின் மேலுறை வெடித்துவிடும். இனி கைவேலை. இங்கேதான் உங்களை நினைத்துக்கொள்வேன். சினை ஊசி போடும் நாளில் கருப்பை வாய் இளகியிருக்கும், ஏ.ஐ. கன்னைக் கழுத்துத் தாண்டிக் கருப்பை உடலில் விட்டால் வேலை முடிந்தது. ஏழாம் நாள் மாட்டுக்குக் கழுத்து இறுகிப்போய்க் கிடக்கும். அதையும் தாண்டி, வளைந்து போகும் கொம்புக்குள் பாதி தூரம் போக வேண்டும், சுவரில் உரசாமல். கொஞ்சம் சிராய்த்தாலும் ரத்தம் கசியும், அந்த இடத்தில் கரு பிழைப்பது கஷ்டம். கொம்பைக் கீழே இழுத்துச் சரிசெய்து, கன்னுக்கு மேல் உறை மாட்டுவதுபோல இழுத்து ஏற்ற வேண்டும், கன்னை உள்ளே தள்ளக் கூடாது. "கையைத் தள்ளாதே, மாட்டைக் கொண்டுவா" என்று ஊரில் லீவுக்கு வந்தபோது எனக்குச் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். அதைத்தான் இப்போது இரண்டு ஆஸ்திரேலியப் பெண்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கிறேன்.

அன்றன்றே எடுத்த கரு என்றால் நூற்றுக்கு அறுபது வரை சினை நிற்கலாம், உறைந்தது என்றால் ஐம்பதை ஒட்டி. அந்த எண்பது மாட்டுக்கும் உறைந்த கருவை வைத்தால் நாற்பது சினை. தொடங்கிய நூறு மாட்டுக்கு நாற்பது. கரு விற்கிறவர்கள் ஐம்பது சதவீதம் என்பார்கள், பண்ணைக்காரர் கையில் நாற்பதுதான் நிற்கும். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

இந்த நாற்பதை நாற்பத்தைந்தாக்க என்ன செய்யலாம் என்று புது ஹார்மோன்களைத் தேடி நிறையப் பணம் போகிறது. என்னைக் கேட்டால் தீவனத்தில் போடுங்கள் என்பேன். உடற்கட்டு ஐந்துக்கு மூன்று இல்லாத மாட்டுக்கு எந்த அட்டவணையும் வேலை செய்யாது. மெலிந்த மாட்டின் சினைப்பை உறங்கிக் கிடக்கும், சிடர் வைத்தால் ஒரு தடவை கண் திறக்கும், அவ்வளவுதான். மூன்று வாரம் முன்பிருந்தே எடை ஏறிக்கொண்டிருக்கும் மாடு, இறங்கிக்கொண்டிருக்கும் கொழுத்த மாட்டைவிட மேல். முதல் ஈத்துக் கன்றோடு இருக்கும் பிராமன் பசுவை வாங்கும் பசுவாக எடுப்பதை நான் முடிந்தவரை தவிர்ப்பேன். தானும் வளர வேண்டும், கன்றுக்கும் பால் கொடுக்க வேண்டும், சினைப்பைக்கு அதனிடம் மிச்சம் ஏது?

குணமும் முக்கியம். ராக்ஹாம்ப்டனுக்குப் பக்கத்தில் பெல்மாண்ட் ஆராய்ச்சிப் பண்ணை வைத்திருந்த சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆட்கள் 1980-களில் ஓர் அளவுகோல் கண்டுபிடித்தார்கள். பிடியிலிருந்து விட்டதும் இரண்டு மீட்டருக்கும் குறைவான தூரத்தை மாடு எத்தனை நொடியில் கடக்கிறது என்று மின்கண் வைத்து அளப்பார்கள். பாய்ந்தோடும் மாடு பயந்த மாடு. அது எடையும் குறைவாகவே போடும், நான்கு தடவை யார்டுக்குள் வந்துபோவதையும் தாங்காது. எனக்குக் கருவி தேவைப்படுவதில்லை. முதல் நாள் சிடர் வைக்கும்போதே தடுப்பை உதைத்துக்கொண்டு பாயும் மாடுகளின் காது எண்ணைக் குறித்துப் பண்ணைக்காரரிடம் கொடுத்துவிடுவேன், அடுத்த வருடம் இவை வேண்டாம் என்று.

வால் அடியில் சாயம் பூசிவிடும் பழக்கமும் இருக்கிறது. கண்பார்வைக்கு வேலையில்லை என்று மேலே எழுதினேன். ஆனாலும் பத்தாம் நாள் மற்ற மாடுகள் ஏறிச் சாயம் உரசிப்போன மாடுகளில் சினை கூடுதலாகவே நிற்கிறது. நல்ல கரு குறைவாக இருக்கும் நாளில் முதலில் அவற்றுக்குத்தான் வைப்பேன்.

இனி பெரியப்பா விஷயம். அவருடைய பசு நல்ல பசு, அதில் சந்தேகமில்லை. கண்ணபுரம் சந்தையில் அதற்கு வந்த கேள்வியை நீங்களே எழுதியிருந்தீர்கள். வருடத்துக்கு ஒரு கன்று போடும் அதிலிருந்து ஐந்து கன்று கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது. ஆனால் அந்த ஆள் பேசியதெல்லாம் பெரியப்பாவின் பசுவைப் பற்றித்தான் என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. வாங்கும் பசுக்கள் எங்கே? ஐந்து நல்ல கருவுக்கு ஏழெட்டு மாட்டையாவது ஒருங்கிணைத்து வைக்க வேண்டும். பெரியப்பா தோட்டத்தில் இருப்பது மூன்று ஜெர்ஸி கலப்பு, மூன்றும் கறவையில். ஊரில் நான்கு பேரிடம் கேட்டு வாங்கலாம் என்றால், கறக்கும் மாட்டைப் பதினேழு நாள் அட்டவணையில் விட்டு, சினை நிற்காவிட்டால் அந்தச் சுழற்சியையும் இழக்க யார் சம்மதிப்பார்கள்? யாராவது ஒருத்தர் எட்டாம் நாள் சிடரை உருவ மறந்து ஒன்பதாம் நாள் உருவினால் அந்த மாடு கணக்கிலிருந்து போய்விட்டது.

அதனால் அந்த ஆளிடம் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். பதினேழாம் நாள் ஸ்கேன் வைத்துப் பார்ப்பானா, வெறும் கையால் தடவிப் பார்ப்பானா. சி.எல். இல்லாத மாட்டை ஒதுக்குவானா, ஒதுக்கினால் அதற்கும் காசு வாங்குவானா. காசு கரு வைத்ததற்கா, அறுபதாம் நாள் சினை உறுதியானதற்கா. பிறக்கும் கன்றுக்கு மரபணுச் சோதனை செய்து தாய் தகப்பனை உறுதிப்படுத்தித் தருவானா. கடைசியாக, எந்தக் காளையின் விந்து. எல்லோரும் ஒரே பேர்பெற்ற காளையையும் நாலைந்து பேர்பெற்ற பசுவையும் வைத்துக் கருமாற்றம் செய்ய ஆரம்பித்தால் ஏற்கனவே சுருங்கிப்போன காங்கேயம் இனத்தில் ரத்தம் இன்னும் நெருங்கிவிடும். இங்கே பிராமன்காரர்கள் அந்தத் தலைவலியோடுதான் இருக்கிறார்கள்.

என் யோசனை, இந்த வருடம் பசுவுக்கு நல்ல காளையின் உறைவிந்தை நீங்களே போடுங்கள். கை இன்னும் மறந்திருக்காது. இதற்கிடையில் பெரியப்பா கறவையில்லாத, இரண்டு மூன்று ஈத்துப் பார்த்த, சாதுவான மாடுகள் ஏழெட்டைத் தேடட்டும். அவை கிடைத்து, ஒரு மழைக்காலப் பச்சைப்புல் தின்று தேறிய பிறகு கருமாற்றத்தைப் பற்றிப் பேசலாம். கிடைக்காவிட்டால் பேச வேண்டியதே இல்லை. பெரியப்பா கோபித்துக்கொண்டால் நான் சொன்னதாகவே சொல்லுங்கள், என்மேல் அவருக்குக் கோபம் ரொம்ப நேரம் நிற்காது.

அந்த ஆள் எழுதிக் கொடுத்த அட்டவணை இருந்தால் தம்பியிடம் சொல்லிப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். இங்கே உங்களைவிட நாலரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம், அதனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே பகல் பன்னிரண்டுக்குள் கூப்பிடுங்கள். அதற்கப்புறம் எமரால்டுக்குக் கிளம்பிவிடுவேன், அங்கே சிக்னல் கிடைக்காது.

அன்புடன்,
உங்கள் கவிதா